பன்னிரண்டு டஜன் குடை

தேர்தல் முடிந்து எண்ணிக்கை நாள் வந்துவிட்டால் நம் வயதுக்காரர்களுக்கெல்லாம் பேரன் கையிலிருக்கும் செல்போன்தான் கதி. நான் மட்டும்தான் இப்படியா, நீங்களும் இப்படித்தானா, தெரியவில்லை. எண்ணுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதில் ஒருவர் முந்துகிறார், இன்னொருவர் பிந்துகிறார் என்கிறார்கள்.

"பெட்டியே இன்னும் தொறக்கல, இவங்களுக்கு எப்படிக் கண்ணு தெரியுது?" என்று பேரனைக் கேட்டேன்.

"ஜனங்களைக் கேட்டுப் பாத்துச் சொல்றாங்க தாத்தா."

எந்த ஜனத்தை? அறுபது வருசமாக இந்தத் திருப்பூரைச் சுற்றித்தான் கிடக்கிறேன். என்னை ஒருவரும் கேட்டதில்லை. உங்களை யாராவது கேட்டார்களா?

நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக லைன் ரூம்கள். வடக்கே இருந்து வந்த பையன்கள் தங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் துணிக்கொடியில் மூன்று வேட்பாளர்களின் படம் போட்ட டீ-சர்ட் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் மேடையில் ஒருவரையொருவர் கிழிக்கிறவர்கள். கொடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்கினார்கள். அந்தப் பையனிடம், "நீ யார் கட்சி தம்பி?" என்றேன். "இங்கே வோட்டு இல்லே தாத்தா. பனியன் அச்சா," என்றான். நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவனும் சிரித்தான்.

அந்தக் கொடியைப் பார்த்ததிலிருந்துதான் இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முந்துகிறவர் யார் என்று கண்டுபிடிக்க நாங்களும் ஒரு வழி வைத்திருந்தோம். அந்த வேலையைப் பார்த்தவனே நான்தான். அப்போது எனக்கு எட்டு வயசு இருக்கும்.

நாங்கள் அப்போது குடியிருந்த வேலம்பாளையம் பக்கம் அன்றைக்கு இப்படிக் கட்டடமாக இருக்காது. சோளக்காடு, நடுவே ஒரு பனியன் கம்பெனி, மறுபடியும் சோளக்காடு. எங்கள் வீதியில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு, அட்டையை வைத்துக் கோடு இழுத்து, பெரிய கத்திரியால் வெட்டுவார். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதுகூட அவருடைய கட்டை விரல் கத்திரி பிடித்த மாதிரி தனியே நிற்கும். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டப் படித்ததெல்லாம் பனியன் அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய லேபிளில்தான். அதனால் இன்றைக்கும் எனக்குப் பெரிய எழுத்துத்தான் வசப்படும்.

வீதியில் தண்ணீர்க் குழாய் கிடையாது. ரைஸ்மில்காரர் தோட்டத்துக் கிணறுதான் எங்கள் எல்லோருக்கும். அவர்தான் அப்போது வார்டு மெம்பரும். காலையில் மோட்டார் ஓடும்போது தோட்டத்துப் படலைத் திறந்து வைப்பார். முள் வைத்துக் கட்டிய கதவு அது. பெண்கள் குடத்தோடு உள்ளே போய்த் தொட்டியில் மொண்டுகொள்ளலாம். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் சொன்னதில்லை. மீசையைத் தடவிக்கொண்டு வரப்பில் நிற்பார், அவ்வளவுதான்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் சேர்ந்து, "வீதிக்குக் கொழாய் கேக்கோணும். நீங்களே நின்னுருங்க மாஸ்டர்," என்றார்கள். அப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்.

"ஏனுங்க, குடிக்கற தண்ணி அவரு கெணத்துல," என்றார் அம்மா. "அவரையே எதுத்து நின்னா, நாளைக்குப் படலைச் சாத்திப்போட்டாருன்னா என்ன பண்றது?"

"ஜெயிச்சா நம்ம ஊட்டு முன்னாலயே கொழாய் வரும்."

"தோத்தா?"

அப்பா செருப்பைக் கழற்றினார்.

ரைஸ்மில்காரருக்குப் பூட்டுச் சின்னம். அப்பாவுக்குக் குடை. "மழையே பேயாத ஊருக்குக் குடையாமா," என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் மாமாவுக்குக் குடை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவின் தம்பி அவர், சாயப்பட்டறையில் வேலை. எந்த நாளும் கை ஒரு நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை ரோஸ் என்றால் வியாழக்கிழமை பச்சை. "குடை நல்ல சின்னம் மச்சான். அச்சு வெட்டச் சுலபம்," என்றார்.

கம்பெனி முதலாளி ஓட்டை விழுந்த துணி, எண்ணெய்க் கறை பட்ட துணி கொஞ்சம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உட்கார்ந்து வெட்டினார். தெரிந்த டெய்லர்கள் தைத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு டஜன் பனியன். மாமா ஒரு மரக்கட்டையில் குடை செதுக்கி, நீலச் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் குத்தினார். வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி நாலு நாள் காயப்போட்டோம். நாங்கள் சாப்பிட்டதும் தூங்கியதும் குடைகளுக்குக் கீழேதான். அந்தச் சாய வாசனை, சூடான கஞ்சிபோல, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். இன்றைக்கும் எந்தப் பட்டறையைத் தாண்டினாலும் அந்த நாலு நாள் மூக்குக்குள் வந்துவிடுகிறது. அவசரத்தில் பத்துப் பதினைந்து குடை தலைகீழாக விழுந்திருந்தது. பார்க்கக் கொக்கி வைத்த கிண்ணம் மாதிரி. "எத்தனை தரம் தொவச்சாலும் போகாத சாயமுங்க மச்சான்," என்று மாமா பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பனியனை வீடு வீடாகக் கொடுத்தோம். நம் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள் அல்லவா? எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். "உங்க பனியனையே போட்டுட்டு உங்களுக்குப் போடாம இருப்பமுங்களா?" என்றார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் கும்பிட்டார். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே சந்தேகப்படவேண்டிய விஷயம் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

மறுநாளே மாமா ஒரு வேலை கண்டுபிடித்தார்.

"மாப்ளே, சைக்கிள்ல ஏறு. கொடி பாக்கப் போலாம்."

"எந்தக் கொடிங்க மாமா?"

"துணிக்கொடிடா. எத்தனை ஊட்டுல நம்ம குடை காயுதுன்னு எண்ணு. அத்தனை ஊடும் நம்ம பக்கம்."

சைக்கிளின் முன் கம்பியில் நான். மாமா மிதிப்பார், நான் எண்ணுவேன். கம்பெனியில் தூக்கிப்போட்ட வேஸ்ட் நூலில், ஒரு பனியனுக்கு ஒரு முடிச்சு. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். பூவரச மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஊரின் துணிக்கொடியை எல்லாம் பார்த்துக்கொண்டே போனால் என்னவெல்லாம் தெரியும் தெரியுமா? எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் மாப்பிள்ளை வந்திருக்கிறார், யார் வீட்டில் ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறார்கள், எல்லாம் தெரியும். ஓட்டு மட்டும்தான் தெரியாது. அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் நாள் முப்பத்தெட்டு. வீதி முனை டீக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதினார். 'குடை' என்று போட்டு 38. பக்கத்தில் 'பூட்டு' என்று போட்டு வெறுமனே விட்டார். அதிலிருந்து தினமும் டீ குடிக்க வருகிறவர்கள் முதலில் பலகையைத்தான் பார்ப்பார்கள். நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. அப்பா கம்பெனிக்குப் போகிற வழியில் பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவார். அவர் நடையே மாறிவிட்டது. எதிரே வருகிற ஒவ்வொரு நெஞ்சிலும் தன் குடையைப் பார்த்தால் யாருக்குத்தான் மாறாது?

அம்மா மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே ஒருநாள் கேட்டார். "அவரு யாருக்கும் எதும் குடுக்கவே இல்லையே. அப்புறம் அவரோடதை எதை வெச்சு எண்ணுவீங்க?"

மாமா சிரித்தார். "போ அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது."

ஒரு நாள் கொடி பார்க்கப் போனோம். காலையிலிருந்து மேகம் மூடி நின்றது. முக்கால்வாசிப் பேர் துணி துவைக்கவில்லை. நூலில் பதினேழு முடிச்சுத்தான் விழுந்தது. மாமா என்னைப் பலகைக்கு முன்னால் இறக்கிவிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அப்பா எதேச்சையாக அங்கே நின்றார். டீக்கடைக்காரர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "சொல்லு சாமி, இன்னைக்கு எத்தனை?" என்றார்.

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். "எழுபது," என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். என் தலையை அவர் அதற்கு முன்னால் தடவியதாக எனக்கு ஞாபகமில்லை. அதற்கப்புறம் இறக்க முடியுமா சொல்லுங்கள்? எழுபத்தொன்பது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. மாமா மிதிப்பதோடு சரி, முடிச்சை எண்ணிப் பார்க்கமாட்டார். நூலில் ஒன்று, வாயில் ஒன்று. முடிச்சு நூலை மட்டும் யாருக்கும் தெரியாமல் வீட்டுக் கூரைச் செத்தையில் செருகி வைத்தேன்.

ஓட்டுக்கு முந்தின நாள் ஓர் அதிசயம் நடந்தது. ரைஸ்மில்காரர் வீட்டுக் கொடியிலேயே ஒரு குடை காய்ந்தது. தலைகீழ்க் குடை. பொய்யில்லை, மாமாவே சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். "மாப்ளே, முடிஞ்சுது! கோட்டைக்குள்ளயே பூந்துட்டம்!" என்று கத்தினார். அந்தச் சந்தோசத்தில் நான் அன்றைக்குச் சொன்னது நூற்று ஐம்பத்தொன்று.

டீக்கடைக்காரர் எழுதிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க மாஸ்டர், இத்தனையும் கொடியில காஞ்சா, போட்டுட்டு இருக்கறது யாருங்க?" என்றார். கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் நூற்று ஐம்பத்தொன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்பாவுக்கு அறுபத்தொரு ஓட்டு. பூட்டுக்கு அதைப்போல் இரண்டு பங்குக்கு மேலே.

செய்தி வந்தபோது டீக்கடைக்காரர் ஈரத்துணியை எடுத்துப் பலகையை அழித்தார். அவர் அழித்த துணியே குடைப் பனியன்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் என் நூற்று ஐம்பத்தொன்று போனது. அப்புறம் குடை என்ற எழுத்து போனது. பனியனில் இருந்த குடை மட்டும் போகவில்லை.

அப்பா இரண்டு நாள் கம்பெனிக்கு வயக்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். வீதியில் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் குடையோடு வருகிறார்களே! ஆளைப் பார்த்து வணக்கம் சொல்வாரா, நெஞ்சைப் பார்த்து யோசிப்பாரா? எனக்கோ, நான் பொய் சொன்னதால்தான் அப்பா தோற்றுவிட்டார் என்று உறுதியாகத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். எட்டு வயதுக் கணக்கு அது.

வீட்டில் எல்லோருக்கும் மேலே ஒரு பயம் நின்றது. படல் திறந்திருக்குமா? தோற்ற மறுநாள் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு குடம் கடன் வாங்கிச் சமாளித்தார். மூன்றாம் நாள் முடியவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மோட்டார்ச் சத்தம் கேட்டது. வேலி திரும்பினோம். படல் திறந்திருந்தது.

வரப்பில் ரைஸ்மில்காரர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, மேலே குடைப் பனியன். அந்தத் தலைகீழ்க் குடை.

அம்மா தலை நிமிராமல் தொட்டியில் மொண்டார். குடம் நிறைந்ததும் ரைஸ்மில்காரர் ஒரு தரம் கனைத்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"துணி நல்லாத்தான் இருக்குது. உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, கழுத்துதான் சித்த இறுக்கம். தலை லேசுல போக மாட்டேங்குது."

அது குத்தலா, சமாதானமா? அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் யாராவது சொல்லுங்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னார். அப்பா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"கழுத்தா? என்ன சைஸ் போட்டிருந்தாரு?"

"எனக்கென்னுங்க தெரியும்."

"அவரு ஒடம்புக்குத் தொண்ணூத்தஞ்சு வேணும். எவனோ எம்பத்தஞ்சைக் குடுத்திருக்கான்." எழுந்து முகம் கழுவினார். இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வா கண்ணு," என்றார் என்னிடம். வயக்காட்டு வழியாகப் போகவில்லை, வீதி வழியாகவே போனார். டீக்கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ரைஸ்மில்காரர் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பா சுற்றிலும் டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டு பேரும் அவ்வளவு கிட்டே நின்று நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அப்பா, டேப்பைப் பார்த்துக்கொண்டே. "குடையைப் போட்டுட்டுப் போயி, ஓட்டு யாருக்குங்க போட்டீங்க?"

"பூட்டுக்குத்தானுங்க. பின்னே?" என்றார் அவர். "வேலைக்காரன் கொண்டாந்தான், காத்தோட்டமா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன். பனியன் உங்களுது, ஓட்டு என்னுதுங்க."

அப்பா சிரித்துவிட்டார். தோற்ற பிறகு முதல் சிரிப்பு. "கழுத்தைப் பிரிச்சுப் பட்டி மாத்திக் குடுத்துடறனுங்க," என்றார். ரைஸ்மில்காரர் உள்ளே போய்ப் பனியனைக் கழற்றிக் கொடுத்தார். எங்கள் வீதிக்குக் குழாய் வர இன்னும் இரண்டு வருசம் ஆனது. அதுவரைக்கும் படல் திறந்தே இருந்தது. அந்தக் குழாயை எழுதிக் கேட்டு வாங்கியதும் ரைஸ்மில்காரர்தான். பயந்ததெல்லாம் நாங்களாகவே பயந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

திரும்பி வரும்போது அப்பா அந்தப் பனியனைத் தோளில் போட்டிருந்தார். பாதி வழியில் எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். "அப்பா, நான் கூட்டிக் கூட்டிச் சொன்னனுங்க. பதினேழுதான் இருந்துச்சு. நான் எழுபதுன்னு சொன்னேன்."

அப்பா நடந்துகொண்டே இருந்தார். "அதுக்கெதுக்கு அழுவறே?" என்றார். "எனக்குத் தெரியும்."

"எப்படிங்க தெரியும்?"

"நாம எத்தனை பனியன் அடிச்சோம்?"

"பன்னண்டு டஜனுங்க."

"பன்னண்டு டஜன்னா எத்தனை?"

எனக்கு அந்தக் கணக்கு வராது.

"நூத்தி நாப்பத்தி நாலு," என்றார் அப்பா. "நானே வெட்டின பீசு. ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நீ நூத்தி அம்பத்தொண்ணு எண்ணிட்டு வந்தே."

பலகையைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீக்கடைக்காரர் அப்போதே அழித்திருப்பார்.

"பின்ன ஏனுங்கப்பா சொல்லல?"

அப்பா தோளிலிருந்த பனியனை எடுத்து, நடந்தபடியே கழுத்துப் பட்டியை நகத்தால் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு ராத்திரிதானே கண்ணு," என்றார். "முந்தீட்டு இருந்தேன்."